உஷார்! ஸ்வெட்டர் மறைக்கும், காது மறைக்காது

கிள்ளானில் வெயில் மண்டையைப் பிளக்கிற மத்தியானத்தில் ஒரு பிள்ளை முழுக்கைச் சட்டையோடு வந்து நின்றால் யாராவது ஒருத்தர் கேட்டுவிடுவார்: "ஏன்டா, காய்ச்சலா?" மலைமேல் இருக்கிற எங்கள் தானா ராத்தாவில் அந்தக் கேள்வி யாருக்கும் தோன்றாது. கடல்மட்டத்துக்கு 1,400 மீட்டருக்கு மேலே இருக்கிற ஊர். விடியற்காலையில் 15, 16 டிகிரி. ஸ்வெட்டர், குரங்குக் குல்லா, கழுத்தைச் சுற்றி ஒரு துண்டு. பள்ளிக்குப் போகிற பிள்ளையின் உடம்பில் முகமும் விரல் நுனியும்தான் வெளியே தெரியும். தேயிலைக் காட்டுக்குப் போகிற அம்மாவுக்கும் அதே கதை. தலையில் துணி, முழுக்கை, மழை வந்தால் அதற்கு மேலே ஒரு பிளாஸ்டிக் விரிப்பு.

அடிக்கிற கைக்கு இதைவிடத் தோதான ஊர் கிடைக்காது. சுற்றுலாக்காரர்கள் வந்து மூடுபனியைப் படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். நாம் அதற்குள்ளேயே குடியிருக்கிறோம், பக்கத்து வீட்டுப் பிள்ளையின் முதுகு எப்படி இருக்கிறது என்று தெரியாமல்.

பயமுறுத்துகிறேன் என்று நினைத்தால் அது சரிதான். பயமுறுத்தத்தான் எழுதுகிறேன். ஏனென்றால் நானே ஒரு தடவை கோட்டை விட்டவள்.

பல வருஷங்களுக்கு முன்னால் ஒரு காலை. நாசி லெமாக் வாங்க வரிசையில் நிற்கிறேன். எனக்கு முன்னால் ஒரு பெண், இடுப்பை ஒட்டி மூன்று வயதுக்குள் ஒரு பையன். குல்லா அரித்ததோ என்னவோ, அவன் அதைக் கழற்றிவிட்டான். வலது காதின் மேல்மடல் நாவற்பழ நிறத்தில் இருந்தது. உற்றுப் பார்த்தால் ஊசி முனையளவுக்குச் சிவப்புப் புள்ளிகள். "என்னம்மா, காது இப்படி இருக்கு?" என்றேன். "விழுந்துட்டான்க்கா. பாத்ரூம்ல வழுக்கிடுச்சி." சொன்ன வேகத்திலேயே குல்லாவை மாட்டிவிட்டாள். நானும் "பார்த்து வச்சிக்கம்மா" என்று ஒரு பெரிய மனுஷி வாக்கைச் சொல்லிவிட்டு, சம்பல் கொஞ்சம் கூட வைக்கச் சொல்லி வாங்கிக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

விழுகிற பிள்ளைக்குக் காது கன்றுவது அபூர்வம். அன்றைக்கு அது எனக்குத் தெரியாது.

நீங்களே யோசித்துப் பாருங்கள். ஓடுகிற பிள்ளை விழுந்தால் எது முதலில் தரையைத் தொடும்? நெற்றி, மூக்கு, முகவாய், முழங்கால், கணுக்காலுக்கு மேலுள்ள எலும்பு, உள்ளங்கை. எலும்பு துருத்திக்கொண்டிருக்கிற இடங்கள். பக்கவாட்டில் விழுந்தால்கூடத் தலையின் வளைவும் தோளும் சேர்ந்து காதையும் கழுத்தையும் காப்பாற்றிவிடும். காது கன்ற வேண்டுமென்றால் பெரும்பாலும் அதை ஒரு கை அறைய வேண்டும், அல்லது இரண்டு விரல் பிடித்துத் திருக வேண்டும். "காதைத் திருகிவிடுவேன்" என்று நாம் விளையாட்டாகச் சொல்கிறோமே, அதன் தடம்தான் அந்த நாவற்பழ நிறம்.

அமெரிக்காவில் மேரி கிளைட் பியர்ஸ் என்ற குழந்தை மருத்துவரும் அவருடைய குழுவினரும் இதை ஒரு கணக்காகவே வகுத்துவிட்டார்கள். 2010இல் ஒரு விதி சொன்னார்கள். 2021இல், கன்றலோடு வந்த 2,000க்கும் மேற்பட்ட சிறுபிள்ளைகளைப் பார்த்து அதை இன்னும் கூர்மையாக்கினார்கள். நம் மொழியில் சொன்னால் இவ்வளவுதான்: நாலு வயதுக்குட்பட்ட பிள்ளைக்கு நெஞ்சு, வயிறு, முதுகு, பிட்டம், காது, கழுத்து ஆகிய இடங்களில் கன்றல் இருந்தால் உஷார். தாடை திரும்புகிற மூலை, கன்னத்துச் சதை, இமை, கண்ணின் வெள்ளையில் ரத்தம், மேலுதட்டை ஈறோடு இணைக்கிற சின்னச் சவ்வு கிழிந்திருப்பது, இவையும் அப்படியே. நாலு மாதமோ அதற்குக் குறைவோ ஆன கைக்குழந்தை என்றால் உடம்பில் எந்த இடத்தில் எவ்வளவு சின்னக் கன்றல் இருந்தாலும் அபாய மணிதான். குப்புற விழக்கூடத் தெரியாத குழந்தை தன்னைத்தானே எங்கே போய் இடித்துக்கொள்ளும்?

உருவத்தோடு இருக்கிற காயம் இன்னொரு வகை. ரோத்தான் பிரம்பு விழுந்த இடத்தில் இரண்டு இணைகோடுகள் எழும்பும், நடுவில் வெளுத்திருக்கும். மடித்த ஒயரால் அடித்தால் ஊசிக்காது மாதிரி வளைந்த கோடு. பெல்ட்டின் பக்கிள் அப்படியே அச்சாகும். அறைந்த கை விரல் விரலாகத் தெரியும். சிகரெட்டின் சூடு சட்டை பொத்தான் அளவுக்கு வட்டமாக, ஓரம் கத்தரித்தாற்போல இருக்கும். கொசு கடித்துச் சொறிந்தது அப்படி ஒரே அளவில் இருக்காது.

நம்ம ஊரில் வெந்நீரைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். குளிருக்கு எல்லா வீட்டிலும் வெந்நீர் உண்டு, பிள்ளையின் மேல் கொட்டிக்கொள்வதும் உண்டு. தானாகக் கொட்டிய வெந்நீர் தெறிக்கும். மேலேயிருந்து கீழே ஒழுங்கில்லாமல் வழிந்து, போகப்போக ஆறி, காயமும் இலேசாகிக்கொண்டே வரும். பிடித்து முக்கிய கால் அப்படி இருக்காது. காலுறை போட்டதுபோல ஒரே உயரத்தில் கோடு கிழித்திருக்கும். தெறித்த புள்ளி ஒன்றுகூட இருக்காது. உதறுகிற பிள்ளையை ஒருவர் அசையவிடாமல் பிடித்திருந்தால்தான் அந்தக் கோடு நேராக வரும். இதை எழுதும்போதே கை நடுங்குகிறது, ஆனால் தெரிந்துகொள்ளத்தான் வேண்டும்.

அதற்காக, கண்ட நீலத்தையெல்லாம் அடி என்று நினைத்துவிடாதீர்கள். நம் பிள்ளைகளில் பலருக்குப் பிறக்கும்போதே இடுப்பிலும் பிட்டத்திலும் நீலச் சாம்பல் நிறத்தில் மச்சம் மாதிரி ஒரு படலம் இருக்கும். அது வலிக்காது, நாள்கணக்கில் நிறமும் மாறாது, வருஷங்கள் போக மங்கும். பெக்காம் என்று குவளை வைத்து உறிஞ்சும் வைத்தியம் செய்துகொண்டவர் முதுகில் இருக்கிற வட்டங்களும் வேறு கதை. ரத்தம் உறையாத நோய் இருந்தால் தொட்ட இடமெல்லாம் கன்றும். இதையெல்லாம் பிரித்துச் சொல்ல மருத்துவர் இருக்கிறார், ரத்தப் பரிசோதனை இருக்கிறது. நிறத்தை வைத்து "இது மூணு நாள் காயம், இது ஒரு வாரத்துக் காயம்" என்று நாமாகத் தீர்ப்பு எழுதவும் முடியாது. அது மருத்துவர்களாலேயே நம்பகமாகச் சொல்ல முடியாத காரியம்.

காயத்தைவிடக் கதை நன்றாகக் காட்டிக்கொடுக்கும். அம்மா ஒன்று சொல்வாள், அப்பா ஒன்று சொல்வார், மறுபடி கேட்டால் இரண்டும் மாறும். ஐந்து மாதக் குழந்தை "தானா ஏறி விழுந்துடுச்சி" என்பார்கள். நேற்று ராத்திரி ஒடிந்த கைக்கு இன்று சாயங்காலம் கிளினிக். ஒவ்வொரு தடவையும் வேறு வேறு கிளினிக்.

இங்கேதான் நம் ஆட்களுடைய பழக்கம் ஒன்று ஆளைக் கொல்கிறது. கைக்குழந்தை விடாமல் அழுதால் "உரம் விழுந்திருக்கு" என்போம். யாராவது கைராசிக்காரப் பாட்டியிடம் கொண்டுபோய், சேலைத்துணியில் போட்டு இரண்டு பக்கமும் பிடித்து உருட்டி உரம் எடுப்போம். பால் குடிக்காமல் துவண்டு கிடந்தால் "பயந்திருக்கு" என்று வேப்பிலை. வாந்தி எடுத்தால் "கண்ணு பட்டிருக்கு" என்று மிளகாய் சுற்றிப் போடுவோம். பாட்டிமார் பாசத்தில் குறையில்லை. ஆனால் விலா எலும்போ காறை எலும்போ முறிந்த குழந்தையும் அப்படித்தான் அழும். அதைத் துணியில் போட்டு உருட்டினால் என்ன ஆகும்? தலைக்குள் ரத்தம் கசிகிற குழந்தையும் அப்படித்தான் துவண்டு கிடக்கும், அப்படித்தான் வாந்தி எடுக்கும்.

பிஞ்சுக் குழந்தையைத் தோளைப் பிடித்துக் குலுக்கினால் வெளியே ஒரு கீறல்கூட இல்லாமல் போகலாம். தலை கனம், கழுத்து தளதள. மூளை மண்டைக்குள் முன்னும் பின்னும் ஆடி, மேலே ஓடுகிற ரத்த நாளங்கள் அறுந்துவிடும். கண்ணுக்குள்ளே பின்பக்கத்தில் ரத்தம் கசியும். மூச்சு விட்டு விட்டு வருவது, வலிப்பு, உச்சிக்குழி புடைப்பது, கூப்பிட்டால் கண் திறக்காதது, இதில் எது இருந்தாலும் வேப்பிலைக்கு நேரமில்லை. தானா ராத்தாவிலேயே சுல்தானா ஹஜ்ஜா கல்சோம் மருத்துவமனை இருக்கிறது. நேரே அவசரப் பிரிவு. அங்கிருந்து பெரிய மருத்துவமனைக்கு அனுப்பினால் மலைப்பாதையில் வளைந்து வளைந்து இறங்கியாக வேண்டும். அந்த நேரத்தையும் நம் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். இங்கே அரை மணி தாமதித்தால் அது கீழே போய்ச் சேரும்போது பல மணி ஆகிவிடும்.

படித்த மருத்துவர்களே இதை நம்ப மறுத்த காலம் ஒன்று இருந்தது என்று சொன்னால் ஆச்சரியமாக இருக்கும். 1946இல் ஜான் கேஃபி என்ற எக்ஸ்ரே மருத்துவர், ஆறு குழந்தைகளுக்குத் தலைக்குள் ரத்தக்கட்டும் கைகால் எலும்பு முறிவும் சேர்ந்து இருப்பதைக் கண்டு எழுதினார். பெற்றவர்களே அடித்திருப்பார்கள் என்று யாருக்கும் சொல்ல மனம் வரவில்லை. 1962இல் ஹென்றி கெம்ப்பும் அவரது சகாக்களும்தான் அடிபட்ட குழந்தை என்று அதற்குப் பெயர் வைத்து உடைத்துப் பேசினார்கள். படிப்பாளிகளுக்கே 16 வருஷம் பிடித்தது.

நம் நாட்டுக்கு வருவோம். 1985இலேயே கோலாலம்பூர் மருத்துவமனையில், குழந்தை வதையைக் கண்டுபிடிக்க மருத்துவர்களும் சமூகநல அதிகாரிகளும் சேர்ந்த குழு ஒன்று தொடங்கிவிட்டது. ஆனால் ஊர் விழித்துக்கொள்ள ஒரு சாவு தேவைப்பட்டது. 1990இல் பாலசுந்தரம் என்ற இரண்டு வயதுப் பிள்ளை சித்திரவதைக் காயங்களோடு இறந்தான். பத்திரிகைகள் கொதித்தன. அடுத்த ஆண்டே, 1991இல், குழந்தைப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதுவும் வேறு இரண்டு சட்டங்களும் சேர்ந்து இன்றைய 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டமாக ஆயின. மலேசியாவில் ஒவ்வொரு பிள்ளைக்கும் இன்றைக்கு இருக்கிற பாதுகாப்பின் வேரில் அந்தப் பெயர் இருக்கிறது. நம் சங்க விழாக்களில் யார் யாருக்கோ மாலை போடுகிறோம், அந்தப் பிள்ளையை ஒருவரும் நினைப்பதில்லை. அது போகட்டும்.

சிறார் சட்டத்தில் மூன்று விஷயம் மண்டையில் ஏறினால் போதும். பிள்ளை என்றால் 18 வயதுக்குட்பட்ட எல்லாரும். வதைத்தவருக்கு, 2016இல் திருத்திய பிறகு, 20 வருஷம் வரை சிறை, 50,000 வெள்ளி வரை அபராதம். மூன்றாவதுதான் நமக்கு: மருத்துவரும் பிள்ளையைப் பராமரிப்பவரும் வீட்டு உறுப்பினரும் சந்தேகம் வந்தால் தெரிவித்தே ஆக வேண்டும். சாட்சி, ஆதாரம் எல்லாம் தேடிக்கொண்டு நிற்க வேண்டியதில்லை. தெரிவிக்காத மருத்துவருக்கும் பராமரிப்பாளருக்கும் 5,000 வெள்ளி வரை அபராதம் அல்லது இரண்டு வருஷம் வரை சிறை, அல்லது இரண்டும்.

பிள்ளையை விட்டுவிட்டு வேலைக்குப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை. அந்தக் காலத் தோட்டத்தில் ஆயாக்கொட்டகை என்று ஒன்று இருந்தது. பத்துப் பதினைந்து பிள்ளை, ஊர் மொத்தமும் எட்டிப் பார்க்கிற இடம். இப்போது யாரோ ஒரு அக்கா வீட்டில் விடுகிறோம். நாலு வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாலு பேர் சேர்ந்தால்தான் அது தாஸ்கா, அதாவது குழந்தைப் பராமரிப்பு நிலையம், பதிவு செய்ய வேண்டும் என்று 1984ஆம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. மூன்று பிள்ளையைப் பார்த்துக்கொள்கிற அக்கா அந்தக் கணக்கில் வரமாட்டாள், அவளைப் பார்க்க எந்த அதிகாரியும் வரமாட்டார். நீங்கள்தான் அதிகாரி. சொல்லாமல் கொள்ளாமல் ஒரு மத்தியானம் போய் நில்லுங்கள். சாயங்காலம் குளிப்பாட்டும்போது ஸ்வெட்டரைக் கழற்றி வெளிச்சத்தில் முதுகைப் பாருங்கள், தினமும். பேசத் தெரியாத பிள்ளை அந்த வாசலைக் கண்டதும் விறைத்துப்போனால், நின்றுபோன படுக்கை நனைத்தல் திரும்ப வந்தால், கை ஓங்கியதும் முகத்தை மறைத்துக்கொண்டால், அதுவும் பேச்சுதான்.

இனி பெரியவர்கள்.

உலகத்தில் மூன்று பெண்களுக்கு ஒருத்தி வாழ்நாளில் அடியோ பாலியல் கொடுமையோ பட்டவள் என்று உலகச் சுகாதார நிறுவனம் சொல்கிறது. லயத்து வீட்டில் வளர்ந்தவர்களுக்கு இந்தக் கணக்குப் புதிதல்ல. பலகைச் சுவருக்கு அந்தப் பக்கம் பாத்திரம் உருளும் சத்தம் கேட்கும். இந்தப் பக்கம் ரேடியோவைக் கொஞ்சம் கூட்டி வைப்பார்கள். "புருஷன் பொண்டாட்டி சண்டை, நமக்கென்ன." காலையில் அவள் வேலைக்கு வருவாள், கன்னத்தில் வீக்கம். "கதவுல இடிச்சிக்கிட்டேன்." அந்தக் கதவுக்கு நாக்கு இருந்தால் தெரியும்.

முன்னங்கையின் வெளிப்பக்கம் கன்றியிருந்தால், அவள் கையைத் தூக்கி முகத்தைக் காத்திருக்கிறாள். கர்ப்பிணிக்கு வயிற்றில், மார்பில் அடி இருந்தால் இரண்டு உயிருக்கும் ஆபத்து. ஆனால் நான் இங்கே அழுத்திச் சொல்ல நினைப்பது கழுத்தை.

"கழுத்தைப் புடிச்சிட்டான்" என்று எந்தப் பெண் சொன்னாலும் அதைச் சாதாரண அடியோடு சேர்த்துவிடாதீர்கள். கழுத்தை நெரித்தால் பத்து விநாடிக்குள்ளேயே நினைவு தப்பலாம். அமெரிக்காவின் சான் டியாகோ நகரில் இப்படிப்பட்ட 300 வழக்குகளை அலசிப் பார்த்தார்கள். பாதிப் பேருக்கு வெளியே தடமே இல்லை. தடம் இல்லை என்பதால் ஒன்றும் ஆகவில்லை என்று அர்த்தமில்லை. குரல் கரகரத்துப்போவது, எச்சில் விழுங்கினால் வலிப்பது, கண்ணிலும் இமையிலும் சிவப்புப் புள்ளிகள், தன்னையறியாமல் சிறுநீர் போயிருப்பது, நடுவில் கொஞ்ச நேரம் ஞாபகமே இல்லாமலிருப்பது, இவை வந்தால் அன்றைக்கே மருத்துவமனை. உள்ளே கிழிந்த ரத்தக்குழாயால் சில நாள் கழித்துக்கூட ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு போகலாம். இன்னொன்று: ஒரு தடவை கழுத்தை நெரித்தவன் பின்னாளில் அவளைக் கொன்றுவிடுகிற ஆபத்து ஏழு மடங்குக்கு மேல் என்று 2008இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வு ஒன்று கண்டது. ஆகவே குரல் மாறிய தோழியிடம் "சளியா?" என்று கேட்டுவிட்டுப் போய்விடாதீர்கள். இந்த மலையில் எல்லாருக்கும் எப்போதும் சளிதான். அதுவும் ஒரு ஸ்வெட்டர்.

"குடிச்சா அப்படி, மத்தபடி தங்கமான மனுஷன்" என்ற வசனத்தை நான் ஐம்பது தடவை கேட்டிருப்பேன். சம்சு குடித்துவிட்டு மேண்டோரை அறைந்தவர் எத்தனை பேர்? போலீஸ் பாலாய்க்குப் போய்ப் போலீஸ்காரரின் சட்டையைப் பிடித்தவர் எத்தனை பேர்? எவ்வளவு போதையிலும் அவருக்கு யாரை அடிக்கலாம் என்பது தெளிவாகத் தெரிந்திருக்கிறது. குடி அடியைப் பெரிதாக்கும். அடிக்கலாம் என்ற எண்ணம் புட்டிக்கு வெளியே, முன்பே இருந்தது.

சட்டம் இருக்கிறது. நாட்டில் அடிபட்ட பெண்களுக்கென்று விமன்ஸ் எய்ட் ஆர்கனைசேஷன் முதல் புகலிடம் தொடங்கியது 1982இல். அதன்பின் பெண்கள் அமைப்புகள் வருஷக்கணக்கில் முட்டி மோதி, 1994இல் குடும்ப வன்முறைச் சட்டம் நிறைவேறியது, 1996இல் நடைமுறைக்கு வந்தது. கணவன், முன்னாள் கணவன், பிள்ளை, வயதான பெற்றோர், வீட்டு உறவினர் எல்லாம் அதற்குள் வருவார்கள். 2020இல் ஊரடங்கு போட்டபோது நம் மகளிர் அமைச்சே, வீட்டுக்காரரிடம் டோராயமோன் என்ற கார்ட்டூன் பூனையின் குரலில் கொஞ்சிப் பேசுங்கள் என்று மனைவிமாருக்கு அறிவுரை சொல்லி, நாடே காறித் துப்பியபின் மன்னிப்புக் கேட்டது. அதிகாரத்தில் இருப்பவர்களுக்கே புரிய இவ்வளவு நாளாகிறது.

கோயிலில் தாலி மட்டும் கட்டி, பதிவு செய்யாமல் இருக்கிற அக்கா தங்கச்சிகள் கவனியுங்கள். "சர்ட்டிபிகேட் இல்ல, போலீஸ் என்னை விரட்டிடுவாங்க" என்று அடி வாங்கிக்கொண்டு இருக்கிறவர்கள் உண்டு. குடும்ப வன்முறைச் சட்டம் அப்படிச் சொல்லவில்லை. தங்கள் சமய வழக்கப்படி சடங்கு நடந்திருந்தால், பதிவாகாவிட்டாலும், அவள் மனைவிதான். பாதுகாப்பு உண்டு. சடங்கே இல்லாமல் சேர்ந்து வாழ்கிறவர்களுக்குத்தான் இந்தச் சட்டத்தில் இடமில்லை. அவர்களும் குற்றவியல் சட்டத்தின்கீழ் போலீஸில் ரிப்போர்ட் போடலாம்.

2018 முதல் இன்னொரு வசதி வந்திருக்கிறது. சமூகநல அதிகாரியே அவசரப் பாதுகாப்பு ஆணை கொடுக்கலாம், அதற்குப் போலீஸ் ரிப்போர்ட்டோ நீதிமன்றமோ வேண்டாம், ஏழு நாள் செல்லும். அந்த ஏழு நாளில் மூச்சு விட்டுக்கொண்டு ரிப்போர்ட் போட்டால், விசாரணை முடியும்வரை மாஜிஸ்திரேட் இடைக்கால ஆணை தருவார். வழக்கு நடந்தால் 12 மாதம் வரைக்கும் ஆணை, தேவைப்பட்டால் நீட்டிக்கலாம்.

எண்களை இப்போதே குறித்துக்கொள்ளுங்கள். உயிருக்கு ஆபத்து என்றால் 999. பிள்ளை, பெண், முதியவர் யாராக இருந்தாலும் அரசின் உதவித் தொலைபேசியான தாலியான் காசே 15999, இருபத்து நாலு மணி நேரமும். பேச முடியாத நிலை என்றால் அதே தாலியான் காசேவின் வாட்ஸ்அப் 019-261 5999. விமன்ஸ் எய்ட் ஆர்கனைசேஷன் 03-3000 8858. கூப்பிடுகிறவர் நீங்களாக இருக்கலாம், அடிபட்டவர்தான் கூப்பிட வேண்டும் என்றில்லை. நல்லெண்ணத்தோடு தகவல் கொடுத்தவர்மேல் மானநஷ்ட வழக்குப் போட முடியாது என்று குடும்ப வன்முறைச் சட்டமே சொல்கிறது. "நாளைக்கு நம்ம மேலயே திருப்பிட்டா?" என்ற பயத்துக்கு அது பதில்.

நான் அன்றைக்குச் செய்யாதது என்னவென்று பிற்பாடு ஒரு சமூகநலக்காரரிடம் கேட்டேன். அவர் சொன்னதில் முதல் பாடம், அந்த அம்மாவிடம் வரிசையில் வைத்துக் கேட்டதே தப்பு. பத்துப் பேர் முன்னால் யாரும் உண்மை சொல்லமாட்டார்கள். அடித்தது அவளாக இல்லாமல் அவளும் அடி வாங்குகிறவளாக இருக்கலாம். தனியாகக் கூப்பிட்டு, "வீட்டுல உனக்குப் பயமா இருக்காம்மா?" என்று ஒரே ஒரு கேள்வி. பேசத் தெரிந்த பிள்ளையிடம் "என்னாச்சு கண்ணு?" அவ்வளவுதான். "அப்பா அடிச்சாரா?" என்று நாமே பதிலை வாயில் ஊட்டினால் நாளைக்கு நீதிமன்றத்தில் அந்த வாக்குமூலம் உடைந்துவிடும். பிள்ளை சொன்ன வார்த்தையை அப்படியே, மழலையோடு, தேதி நேரம் போட்டு எழுதி வையுங்கள். "யார்கிட்டயும் சொல்லமாட்டேன்" என்று சத்தியம் செய்யாதீர்கள், சொல்லத்தான் போகிறீர்கள். வீரம் காட்டி அந்த ஆளிடம் போய் நியாயம் கேட்காதீர்கள். நீங்கள் திரும்பி வந்த பிறகு கதவு சாத்தப்படும்.

மருந்து விஷயத்தில் வீட்டில் செய்யக்கூடியது கொஞ்சம்தான். சூடுபட்ட இடத்தில் ஓடுகிற குழாய்த் தண்ணீர், இருபது நிமிஷம். நம்ம ஊர்த் தண்ணீர் ஐஸ் மாதிரி இருக்கும், சின்னப் பிள்ளை விறைத்துவிடும். மற்ற இடத்தைப் போர்வையால் போர்த்திவிட்டுக் காயத்தில் மட்டும் விடுங்கள். பற்பசை வேண்டாம், கிச்சாப் வேண்டாம், மஞ்சள் வேண்டாம். எலும்பு என்று சந்தேகம் வந்தால் எண்ணெய் போட்டு நீவாதீர்கள், சுளுக்கு எடுக்கிறவரிடம் போகாதீர்கள், அசைக்காமல் கொண்டுபோங்கள். அரசு மருத்துவமனை அவசரப் பிரிவில் நடந்ததை அப்படியே சொல்லுங்கள். 1990களில் கோலாலம்பூரில் தொடங்கி 1996இலிருந்து நாட்டின் மற்ற அரசு மருத்துவமனைகளுக்கும் பரவிய ஏற்பாடு ஒன்று இருக்கிறது: மருத்துவர், ஆலோசகர், போலீஸ், சமூகநலம் எல்லாரும் ஒரே அறைக்கு வந்து பேசுவார்கள். நாலு கவுண்ட்டருக்கு அலைந்து நாலு தடவை அதே கதையைச் சொல்லி அழ வேண்டியதில்லை. இரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளை என்றால் உடம்பு முழுக்க எக்ஸ்ரே எடுப்பார்கள், பழைய முறிவுகள் அப்போதுதான் வெளியே வரும். காயம் ஆறிய பிறகும் தூக்கத்தில் அலறுவது, ஒட்டிக்கொண்டே இருப்பது, மற்ற பிள்ளைகளை அடிப்பது எல்லாம் மாதக்கணக்கில் தொடரலாம். அதற்கு மனநல ஆலோசனை உண்டு. "மறந்திடும், சின்னப் பிள்ளதானே" என்று விட்டுவிடாதீர்கள்.

வீட்டை விட்டுக் கிளம்ப நினைக்கிற பெண்ணுக்கு: கிளம்புகிற நேரம்தான் மிக ஆபத்தான நேரம். சொல்லிவிட்டுப் போக வேண்டாம். மைகாட் அடையாள அட்டை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம், வங்கி அட்டை, மருந்து, கொஞ்சம் காசு எல்லாம் ஒரு பையில், நம்பிக்கையான ஒருவர் வீட்டில். தானா ராத்தா சின்ன ஊர், பஸ் நிலையத்தில் டிக்கெட் கிழிக்கிறவருக்குக்கூட உங்கள் மாமியாரைத் தெரிந்திருக்கும். ஆகையால் முதலில் தொலைபேசி, பிறகுதான் பஸ்.

அடிக்கிற கை நம்முடையதாகவே இருந்தால்? இதைப் படிக்கிறவர்களில் அப்படி ஒருவர் இருப்பார், அவருக்கும் சேர்த்துத்தான் எழுதுகிறேன். பிறந்து இரண்டு மாதம் ஆகும்போது குழந்தையின் அழுகை உச்சத்துக்குப் போகும். வயிறு நிறைந்திருக்கும், துணி காய்ந்திருக்கும், ஆனாலும் அழும். மூன்று நாலு மாதத்தில் தானாகத் தணியும். அம்மாவின் வளர்ப்புக் குறை அதில் எதுவும் இல்லை. தலைக்கு மேல் போகிறது என்று தோன்றினால் குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்கப் படுக்க வைத்துவிட்டு, கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்து நில்லுங்கள். பத்து நிமிஷம். அழுதால் ஒன்றும் ஆகாது, குலுக்கினால் ஆகும். அந்தப் பத்து நிமிஷத்தில் 15999ஐ நீங்களேகூடக் கூப்பிடலாம். ரோத்தானைப் பற்றி என் கருத்து ஊரில் பலருக்குப் பிடிக்காது. கடையில் கலர் கலராகக் கைப்பிடி போட்டுத் தொங்கவிட்டிருக்கிறார்கள், விளையாட்டுச் சாமான் மாதிரி. "நான் வாங்காத அடியா, நல்லாத்தான இருக்கேன்" என்பவர் ராத்திரி யாரையும் அடிக்காமல் தூங்கப் போகிறாரா என்று மட்டும் எனக்குத் தெரிந்துகொள்ள ஆசை. சுவீடன் 1979இலேயே வீட்டுக்குள்ளும் பிள்ளையை அடிக்கக்கூடாது என்று சட்டம் போட்டுவிட்டது. அந்த நாட்டுப் பிள்ளைகள் ஒன்றும் கெட்டுக் குட்டிச்சுவராகிவிடவில்லை.

அந்தப் பையன் குடும்பம் சில மாதத்தில் மலையை விட்டு இறங்கிவிட்டது. தாப்பா பக்கம் என்றார்கள், ஈப்போ என்றார்கள். இருந்தால் இந்நேரம் ஆரம்பப் பள்ளியின் கடைசி வகுப்பில் இருப்பான். இப்போது கடை வரிசையில் எந்தப் பிள்ளை குல்லாவைக் கழற்றினாலும் என் கண் நேரே காதுக்குத்தான் போகிறது. 15999ஐக் கைப்பேசியில் "அஅ" என்று பதிந்து வைத்திருக்கிறேன், தேடாமலே முதல் ஆளாக வந்து நிற்க.